ஆர்எக்ஸ் 100 ரீபோர்: 25 சைஸ் என்று சொல்லி 100 சைஸ் அறுத்துவிட்டான்

7,400 ரூபாய் போனது ஒரு பக்கம். ரீபோர் போட்ட கடைக்காரன், திரும்பக் கிடைக்காத பிளாக்கை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரை, நாசம் செய்துவிட்டு, "உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியலைன்னா நாங்க என்னங்க பண்றது" என்று கேட்கிறானே, அதுதான் தாங்கவில்லை. இன்று காலையில்தான் கடைசியாகப் பேசினேன். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுதும் படியுங்கள். ரீபோர் (தேய்ந்த சிலிண்டரின் உள்சுவரை அறுத்துப் பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் போடுவது) செய்யப் போகும்போது என்னென்ன பார்க்கவேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

வண்டி அப்பா 1992ல் எடுத்த யமஹா ஆர்எக்ஸ் 100. இதுவரை போர் போட்டதே இல்லை, சிலிண்டரின் உள்விட்டம் ஸ்டாண்டர்ட் 50 மி.மீ.யிலேயே ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளாகப் பிக்கப் இல்லை, கிக்கர் லேசாக இறங்கியது, பிஸ்டன் தட்டும் சத்தம் வேறு. காம்ப்ரஷன் போய்விட்டது, ரீபோர்தான் வழி என்று எங்கள் தெரு மெக்கானிக் சொன்னார். அவரிடம் போரிங் மெஷின் கிடையாது. அதனால் கோவையில் என்ஜின் வேலை செய்யும் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பெயர் போடவில்லை. பழைய வண்டிகளைப் பளபளவென்று மாற்றி வீடியோ போடும் கடைகளில் ஒன்று.

அந்தக் கடைக்காரன் பேசிய விதத்தை விவரமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அந்தப் பேச்சை யாரும் நம்புவார்கள். பிளாக்கைக் கழற்றித் துடைத்து, என் கண் முன்னாலேயே உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் விட்டுக் காட்டினான். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடம், ஒவ்வொரு இடத்திலும் குறுக்கும் நெடுக்கும். சரியான முறை அதுதான். மேல்பக்கம் 0.12 மி.மீ. தேய்வு இருந்தது. "அண்ணா, கோடு எதுவும் ஆழமா இல்லீங்க. முதல் சைஸ்லயே கிளீன் ஆயிரும், 25 போட்டாப் போதும். அதுக்கு மேல 50, 75, 100னு இன்னும் மூணு போர் மிச்சம் இருக்கு. உங்க பையன் காலம் வரைக்கும் இந்த பிளாக் ஓடுமுங்க" என்றான். நிறைய அறுக்கவேண்டும் என்று சொல்பவனைச் சந்தேகப்படலாம். குறைவாக அறுத்தால் போதும் என்பவனை என்னவென்று சந்தேகப்படுவது? எஸ்டிமேட் சீட்டிலும் "ஸ்டாண்டர்ட், 0.25 ரீபோர்" என்று தன் கையாலேயே எழுதினான். பிஸ்டன் கிட், போரிங், ஹோனிங் (அறுத்த சுவரைக் கல்லால் தேய்த்துச் சீராக்குவது), பேரிங், கேஸ்கெட், லேபர் எல்லாம் சேர்த்து 7,400. நல்ல பிஸ்டன் வெளியூரிலிருந்து வரவேண்டும் என்று முழுப்பணமும் முன்னாலேயே கேட்டான். கொடுத்தேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25 மி.மீ. படிகளாகத்தான் வரும், 25 சைஸ் என்றால் 0.25, 100 என்றால் 1.00. தேய்வும் கோடும் போகிற அளவுக்கு எது மிகச் சிறியதோ அதைத்தான் போடவேண்டும். அப்போதுதான் அடுத்த தடவைக்கு லைனரில் (சிலிண்டருக்கு உள்ளே இருக்கும் இரும்புக் குழாய்) இரும்பு மிச்சம் இருக்கும். 1.00 என்பது கடைசிப் படி. அதற்கு அப்புறம் பழைய லைனரை எடுத்துவிட்டுப் புது ஸ்லீவ், அதாவது புதுக் குழாய், அடிப்பதுதான் வழி. ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996லேயே நின்றுவிட்டது. ஒரிஜினல் பிளாக்குக்கு இன்றைக்கு எங்கே போவது?

வண்டி கைக்கு வந்ததும் ரன்னிங் இன் (புதுப் பிஸ்டன் பழகும்வரை மெதுவாக ஓட்டுவது) என்று 40க்கு மேல் போகாமல்தான் ஓட்டினேன். ஆயில் கூடுதலாகவே ஊற்றினேன். பொள்ளாச்சி ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று இழுவை குறைந்தது, அடுத்த நொடி பின்சக்கரம் இறுகி வண்டி தேய்த்துக்கொண்டு நின்றது. கிளட்சைப் பிடித்ததால் விழவில்லை. பின்னால் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு பதறுகிறது.

தெரு மெக்கானிக் ஹெட்டைக் கழற்றினார். பிஸ்டன் தலையில் கரியைத் துடைத்ததும் தெரிந்த எண் 100. இருபத்தைந்து இல்லை, நூறு! 50.25 மி.மீ. ஆகவேண்டிய போர் 51 மி.மீ. ஆகியிருக்கிறது. கையில் 100 சைஸ் பிஸ்டன்தான் இருந்திருக்கும், அதற்கு ஏற்ற மாதிரி என் பிளாக்கை அறுத்துவிட்டான். மூன்று போர் ஒரே நாளில் காலி.

அதோடும் முடியவில்லை. வேறொரு லேத்தில் பெரியவர் ஒருவர் அளந்து பார்த்தார். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே 0.04 மி.மீ. அளவில் இடைவெளி இருந்திருக்கவேண்டும் என்றார். மேலே 0.07 இருக்கிறது, கீழே வெறும் 0.01. போர் நேராக இல்லை, கீழே போகப் போகக் குறுகுகிறது. சூட்டில் பிஸ்டன் விரிந்தால் பிடிக்காமல் என்ன செய்யும்? ஹோனிங் செய்த குறுக்குக் கோடே இல்லை, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி இருக்கிறது என்றார். போர்ட் விளிம்புகளை, அதாவது சிலிண்டர் சுவரில் வாயு போய்வரும் துளைகளின் ஓரங்களை, மழுக்கவும் இல்லை. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் ஒவ்வொரு தடவையும் போர்ட் வாயைத் தாண்டித்தான் போகவேண்டும், விளிம்பு கூராக இருந்தால் கொக்கி மாதிரி மாட்டும். ஒரு ரிங்கின் முனை உடைந்தே போயிருந்தது.

கடையில் கேட்டேன். முதல் பதில், "ஆயில் பத்தலீங்க." ஆயில் கணக்கைச் சொன்னதும், "முறுக்கி ஓட்டியிருப்பீங்க." பிஸ்டன் படத்தை அனுப்பினேன். "நாங்க போட்டது 25தான், உங்க மெக்கானிக் மாத்தியிருப்பான்." பிஸ்டனை மாற்றலாம், 51 மி.மீ. போரை என் மெக்கானிக் எப்படி மாற்றுவார் என்று கேட்டேன். ஓனர் வெளியே போயிருக்கிறார் என்றார்கள். அப்புறம் போன் எடுக்கவே இல்லை. அவன் வீடியோவுக்குக் கீழே எழுதினேன், அழித்துவிட்டார்கள். இன்று காலை வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டபோது எடுத்தான். "போரிங் வேலைக்கு வாரண்டி கிடையாதுங்க. வேணும்னா பிளாக்கைக் கொண்டாங்க, ஸ்லீவ் அடிச்சுத் தர்றேன், அது தனி ரேட்" என்றான். 7,400 வாங்கிக்கொண்டு கெடுத்தவனுக்கே இன்னொரு தடவை பணம் கொடுக்கவேண்டுமாம். அதற்கு மேல்தான் வண்டி ஓட்டத் தெரியாது என்ற பேச்சு.

எஸ்டிமேட் சீட்டும், பணம் அனுப்பிய விவரமும், இரண்டாவது லேத்தின் அளவுகளும் என்னிடம் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிந்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்ச ரூபாய் வரைக்கும் அங்கே கட்டணம் இல்லை, 7,400க்குப் போகலாமா என்று யாரும் தயங்கவேண்டாம்.

என்னென்ன பார்க்கவேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது அதற்கு நிதானம் இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பிஸ்டன் கிட்டை முதலில் நீங்களே வாங்குங்கள், தலையில் இருக்கும் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பிஸ்டனை அளந்து அதற்குத்தான் போர் போடவேண்டும், போரைப் போட்டுவிட்டுப் பிஸ்டன் தேடக்கூடாது. எத்தனை இடைவெளி விடப்போகிறார்கள் என்று கேளுங்கள், சொல்லத் தெரியாதவனிடம் பிளாக்கைக் கொடுக்காதீர்கள். டூ ஸ்ட்ரோக் என்றால் போர்ட் விளிம்பில் விரலை வைத்துப் பாருங்கள், கீறுகிற மாதிரி இருந்தால் வேலை முடியவில்லை. ஹெட் மாட்டுவதற்கு முன்னால் பிஸ்டன் தலையைப் படம் எடுங்கள். பழைய பிஸ்டனைக் கேட்டு வாங்குங்கள். எஸ்டிமேட் சீட்டு போதாது, பில் வேண்டும். முழுப்பணத்தையும் முன்னால் கேட்டால் பிளாக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.