எயார் பியூரிபயர்: ஸ்டெம் செல் மாற்று முடிந்து வீடு வந்தவருக்கு எவ்வளவு உதவும்?

மாற்று முடிந்தவரின் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும், காற்றில் வரும் பங்கசு (பூஞ்சணம்) வித்துகள் அவருடைய நுரையீரலைத் தாக்கலாம். எயார் பியூரிபயர் வாங்க நினைப்பது அதற்காகத்தான். கொழும்புக் கடைகளில் கிடைக்கும் நடுத்தர மெஷின்களில், மணிக்கு 250 கன மீற்றர் காற்றைச் சுத்தப்படுத்தும் ரகத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தை அடுக்குமாடியில் 10க்கு 12 அடி அறை, உயரம் 9 அடி என்றால் ஏறக்குறைய 30 கன மீற்றர். முழு வேகத்தில் மணிக்கு 8 தடவை காற்று மாறும். ஆஸ்பத்திரியில் இந்த நோயாளிகளின் பாதுகாப்பு அறைக்கு 12 தடவையாவது வேண்டும் என்பார்கள். பெட்டியில் உள்ள கணக்கு முழு வேகத்துக்குரியது. 'ஸ்லீப்' பொத்தானை அழுத்தினால் அது செல்லாது.

வடிகட்டியில் குறையில்லை. இந்தப் பங்கசுகளில் முக்கியமான அஸ்பர்ஜில்லஸின் வித்து 2 முதல் 3.5 மைக்ரோன், உண்மையான ஹெபா (நுண்துகள் வடிகட்டி) 0.3 மைக்ரோன் துகளையே 99.97 வீதம் பிடிக்கும். 'ஹெபா டைப்' என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள். வடிகட்டியைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், இடைவெளி இருந்தால் காற்று அதன் வழியேதான் போகும். ஓசோன், அயன் வசதி இருந்தால் நிறுத்திவிடுங்கள். வடிகட்டி மாற்றுவது நோயாளியின் வேலையல்ல. வேறொருவர் மாஸ்க் போட்டு, அறைக்கு வெளியே கழற்றி, பையில் கட்டி எறியட்டும்.

இந்த மெஷின் ஈரத்தை எடுக்காது. அலுமாரிக்குப் பின்சுவரில் கறுப்புப் புள்ளிகளும் ஏசி புளோவரில் பூஞ்சணமும் இருக்கும்வரை வித்துகள் வந்துகொண்டே இருக்கும். முதல் செலவு அங்கேதான், அதுவும் நோயாளி வீட்டுக்கு வருமுன். பக்கத்துக் காணியில் கட்டடம் உடைத்தால் ஜன்னலைச் சாத்துங்கள்.

வாங்குவதா வேண்டாமா என்பது மாற்றின் வகையைப் பொறுத்தது. சொந்த ஸ்டெம் செல் என்றால் ஆபத்து மிகக் குறைவு, காசை மிச்சம் பிடிக்கலாம். பிறருடையது, அதிலும் பொருத்தம் குறைந்த கொடையாளி என்றால் கதை வேறு. பங்கசை எதிர்க்கும் வெள்ளையணுவான நியூட்ரோபில் (மைக்ரோ லீற்றருக்கு) 500க்குக் கீழே பத்து நாளுக்கு மேல் கிடப்பது முதல் ஆபத்து. அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலேயே கழியும். இரண்டாவது வீட்டில் வரும்: கொடையாளியின் செல்கள் உடலைத் தாக்கும் ஜிவிஎச்டிக்காக ஸ்டீரொயிட் கொடுக்கும் காலம். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் பிரட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் போகும்போது இரத்த அறிக்கை அழகாக இருக்கும், பங்கசுக்குக் கதவும் திறந்திருக்கும். சிஎம்வி வைரசும் முன்பு வந்த பங்கசுத் தொற்றும் அந்த ஆபத்தைக் கூட்டும்.

பங்கசு மருந்துகளில் புளுகொனசோல் அஸ்பர்ஜில்லசைத் தடுக்காது. பொசகொனசோல் தடுக்கும், ஆனால் நோய் எதிர்ப்பை அடக்கக் கொடுக்கும் டக்ரோலிமஸ் மருந்தின் இரத்த அளவை ஏற்றிவிடும். தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் கிளினிக்கில் டக்ரோலிமஸ் அளவு பார்க்க வேண்டும்.

சத்தம்தான் மெஷினின் பெரிய குறை. நோயாளி ஹோலில் இருக்கும்போது படுக்கையறையை அடைத்து முழு வேகத்தில் ஓடவிட்டு, படுத்தபின் நடு வேகத்துக்கு இறக்கலாம்.