ஒற்றை நிரலா, பைப்பில் கோத்த குட்டி நிரல்களா?

தமிழ் உரைக் கோப்புகளைக் கொடுத்தால், எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணித் தர வேண்டும். வேலை இவ்வளவுதான். எல்லாவற்றையும் தானே செய்யும் ஒரே பைத்தான் நிரல் எழுதலாம். அல்லது, ஆளுக்கொரு வேலை செய்யும் குட்டி நிரல்களை, ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு உள்ளீடாக்கும் யூனிக்ஸ் இயங்குதளத்தின் பைப்பில் கோக்கலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

வழக்கு பழையது. 1986இல் ‘கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம்’ என்ற கணினி அறிவியல் இதழில் ஜான் பென்ட்லி நடத்திய பத்திக்காக, இதே சொல் எண்ணும் கணக்கை கணினி அறிவியலாளர் டொனால்டு குனூத் பாஸ்கல் மொழியில், விளக்கவுரையும் நிரலும் பின்னிய ஒரே படைப்பாக எழுதினார். அதற்கு மதிப்புரை எழுதிய டக் மெக்கில்ராய், அதைப் பாராட்டிவிட்டு, ஆறு யூனிக்ஸ் கட்டளைகளைக் கோத்து அதே விடையை வரவழைத்துக் காட்டினார். நிரல்களைத் தோட்டத்து ரப்பர் குழாய்போல் மாட்டிக்கொள்ள வழி வேண்டும் என்று 1964இலேயே பெல் ஆய்வகத்தில் குறிப்பு எழுதியவர் அவர். 1973இல் கென் தாம்சன் அதை யூனிக்ஸில் சேர்த்தார். அப்படிப்பட்டவர் மதிப்புரைக்கு உட்கார்ந்தால் தீர்ப்பு எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. குனூத்திடம் கேட்கப்பட்டது விளக்கத்தோடு நிரல் எழுதும் முறைக்கு ஒரு மாதிரி. சுருக்கமான விடை அல்ல. அந்த வகையில் போட்டி அவ்வளவு நியாயமானதும் அல்ல.

அந்த ஆறு கட்டளைகளை அப்படியே எடுத்துத் தமிழுக்குப் போட முடியாது. சொற்களைப் பிரிக்க மெக்கில்ராய் பயன்படுத்திய டிஆர் கட்டளை, லினக்ஸில் வழக்கமாக இருக்கும் க்னூ வடிவத்தில், பைட் பைட்டாகப் பார்க்கிறது. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழுக்கு ஒவ்வொரு குறியும் மூன்று பைட் (கணினியின் சிறு சேமிப்பு அலகு); அதனால் அந்தக் கட்டளைக்கு முழு எழுத்து கண்ணில் படாது. பைத்தான்காரர்களும் சிரிக்க வேண்டாம். பைத்தானோடு வரும், உரையில் வடிவங்களைத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் ‘சொல் எழுத்து’ என்பதற்கான சுருக்கக் குறி, கொம்பையும் காலையும் புள்ளியையும் எழுத்தாக மதிப்பதில்லை. ‘தமிழ்’ என்று கொடுத்தால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டு கிடைக்கும். ஆக, எந்த வழியில் போனாலும் சொல் பிரிக்கும் வேலையை நாமே எழுதியாக வேண்டும். பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக்கும் இரண்டாவது கட்டளை மட்டும் தமிழுக்குத் தேவையே இல்லை.

வேகத்தில் ஒற்றை நிரலுக்கே வெற்றி என்று ஒப்புக்கொண்டு நகர்ந்துவிடலாம். அது அகராதி போன்ற ஓர் அட்டவணையில் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போகிறது. பைப் வழியில் எல்லாச் சொற்களையும் வரிசைப்படுத்திய பிறகே எண்ண முடியும். நினைவகத்தைத் தாண்டும் அளவு வந்தால் கதை மாறும். வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளை தற்காலிகக் கோப்புகளில் இறக்கிவைத்துக்கொண்டு வேலையைத் தொடரும்.

என் தேர்வைத் தீர்மானித்தது பராமரிப்பு. என் தொடர் இப்படிப் போகிறது: பிரிப்பான், சார்ட், அடுத்தடுத்து வரும் ஒரே வரிகளை ஒன்றாக்கும் யூனிக் (எண்ணிக்கையோடு), எண் வரிசையில் மறுபடியும் சார்ட். இதில் பிரிப்பான் மட்டுமே நான் எழுதியது. வரிக்கு ஒரு சொல் வீதம் வெளியே தள்ளும். சில கோப்புகள் வந்தபோது ‘கொடி’ என்ற ஒரே சொல் பட்டியலில் இரண்டு இடங்களில் தனித்தனி எண்ணிக்கையோடு உட்கார்ந்திருந்தது. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோட் தரத்தில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, கணினிக்கு இரண்டும் வேறு. இதைச் சீராக்க என்எஃப்சி என்ற முறை இருக்கிறது. பைத்தானில் சில வரிகளில் முடிந்துவிடும். அதைத் தனிக் குட்டி நிரலாக எழுதிப் பிரிப்பானுக்கு முன்னால் செருகினேன். மற்ற எதையும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பைத்தான் நிரலையும் செயற்கூறுகளாகப் பிரித்து எழுதலாமே என்று கேட்பார்கள். எழுதலாம். ஆனால் அந்தச் சுவர் நம் ஒழுக்கத்தை நம்பி நிற்கிறது. அவசரத்தில் ஒரு பொது மாறியை வைத்து இங்கிருப்பதை அங்கே எட்டிப் பார்க்கச் செய்துவிடுவோம். ஆறு மாதம் கழித்து யார் யாரை எட்டிப் பார்க்கிறார்கள் என்று தெரியாது. பைப்பில் அது நடக்கச் சுவரை இடிக்க வேண்டும். தொடரில் எந்த இடத்திலும் ஒரு டீ கட்டளையைச் செருகி, நடுவில் ஓடுவதைக் கோப்பில் பிடித்துப் பார்க்கலாம். சோதனைக்கு மூன்று வரிகளை உள்ளே தள்ளி, வெளியே வருவதைக் கண்ணால் பார்த்தால் போதும். பிரிப்பானை நாளைக்கு கோ மொழியில் மாற்றி எழுதினாலும் சார்ட்டுக்கு அது தெரியப்போவதில்லை. இதற்கு ஈடாக நிரல்கள் சில ஒழுங்குகளைக் காக்க வேண்டும்: தரவு மட்டுமே இயல்பு வெளியீட்டில் போகும், புலம்பல்கள் எல்லாம் பிழை வெளியீட்டுக்கு, தோற்றால் பூஜ்யம் அல்லாத எண்ணோடு வெளியேற வேண்டும்.

இந்த வழிக்கு விலையும் உண்டு. தொடரின் வெற்றி தோல்வியைப் பொதுவாகக் கடைசிக் கட்டளையின் விடையை வைத்தே, கட்டளைகளை ஓட்டும் ஷெல் முடிவுசெய்கிறது. முதலில் நிற்கும் சீராக்கி விழுந்தாலும், பின்னால் இருப்பவை வெறுமையை வரிசைப்படுத்தி, வெறுமையை எண்ணி, ‘எல்லாம் நலம்’ என்று முடித்துவிடும். தொடரில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயில் அமைப்பைப் போட்டால் இது பிடிபடும். ஆனால் முதல் இருபது சொற்கள் போதும் என்று கடைசியில் ஹெட் கட்டளையை வைத்தால், அது இருபது வரியோடு கதவைச் சாத்திவிடும்; இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் சார்ட், வாங்க ஆளில்லை என்று சொல்லும் சிக்பைப் சமிக்ஞையால் சாகும்; ஷெல் 141 என்று தோல்வி சொல்லும். கோளாறு எதுவும் இருக்காது. இருபது வரி மட்டும் அச்சிட்டு மீதியை வாசித்துத் தள்ளும்படி உரையைத் திருத்தும் செட் (sed) கட்டளையை எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

மொழியையும் வரிசை முறையையும் முடிவுசெய்யும் லொகேல் அமைப்பையும் கவனிக்க வேண்டும். தொடர் முழுவதற்கும் ‘சி’ லொகேலையே வைத்திருக்கிறேன். பைட் வரிசையில் ‘ந’வுக்கு அடுத்தே ‘ன’ வந்து நிற்கும். தமிழாசிரியர் பார்த்தால் காதைத் திருகுவார். ஆனால் எண்ணுவதற்கு ஒரே சொற்கள் அருகருகே இருந்தால் போதும், வேகமும் கூடுகிறது.

குட்டி நிரல்களை எந்த மொழியில் எழுதுவது என்பதில் எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. பைத்தானில் எழுதுவது எளிது. ஆனால் ஹெட் கதவைச் சாத்தினால், பைத்தான் நிரல் உடைந்த பைப் என்று பத்தி பத்தியாக ஓலமிடும். சிக்பைப்பை இயல்பு நிலைக்குத் திருப்பும் ஒரு வரி எழுத வேண்டும். கோ நிரல் அந்த இடத்தில் சத்தமில்லாமல் வெளியேறுகிறது. ஒரே கோப்பாக, அதே வகைச் செயலி உள்ள எந்த லினக்ஸ் கணினிக்கும் தூக்கிப் போகலாம். கோ மொழியில் நான் எழுதியது கொஞ்சம்தான், அதனால் அடித்துச் சொல்லமாட்டேன். மைக்ரோசாஃப்ட்டின் பவர்ஷெல் வரிகளுக்குப் பதில் பொருள்களையே பைப்பில் அனுப்புகிறது. அதில் என் புழக்கம் இன்னும் குறைவு.

ஒற்றை நிரலே மேல் என்று நான் சொல்லும் இடமும் இருக்கிறது. ‘மரத்தில்’, ‘மரத்தை’ என்பவற்றை ‘மரம்’ என்று சேர்த்து எண்ண ஒரு வடிகட்டி போதும். சொல் உள்ளே, வேர்ச்சொல் வெளியே. ஆனால் ‘படி’ என்பது படிக்கும் படியா, ஏறும் படியா என்று பிரிக்க வேண்டுமானால் வாக்கியம் தேவை. வரிக்கு ஒரு சொல் என்று ஆக்கிய கணமே என் பிரிப்பான் வாக்கியத்தைத் தூக்கி எறிந்துவிட்டது. ஒவ்வொரு சொல்லோடும் அதன் வாக்கியத்தையும் டேப் போட்டு அனுப்பலாம்தான். அதற்குள் கோப்பு பல மடங்கு வீங்கிவிடும். அந்த வேலை வந்தால் பைத்தானில் ஒரே நிரலாக எழுதிவிடுவேன்.