மாடிப்படி மோசம், டாக்டரம்மா கெட்டி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் லாரன்ஸ் ரோட்டை விட்டுத் திரும்பும் சந்துக்குள் இருக்கிறது இந்தக் கிளினிக். கீழே மருந்துக்கடை, மேலே டாக்டர். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கிழம் கட்டைகள்தான். அப்படியிருக்க, படி ஏன் இவ்வளவு செங்குத்து, கைப்பிடி ஏன் ஒரே பக்கம் என்று கட்டினவரைத்தான் கேட்கவேண்டும். மேலே போனால் டிவியில் சீரியல் அலறுகிறது. தலைவலி என்று வந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் மாமியார் மருமகள் சண்டையையும் சேர்த்துத் தாங்கவேண்டும். சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். குறைத்தார்கள், கொஞ்ச நேரத்தில் பழையபடி ஏறிவிட்டது. குறை இவ்வளவுதான்.

எங்க வீட்டுக்காரர் கடலூர்-பாண்டி ரூட்டில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 71 வயசு. அத்தனை வருஷக் கூட்டத்திலும் வெயிலிலும் தலைவலி என்று ஒரு நாள் படுத்ததில்லை. போன மழைக்காலத்துக்குப் பிறகுதான் ஆரம்பித்தது. விடியும்போதே பிடரியில் பிடித்து நெற்றிப்பொட்டு வரைக்கும் ஏறும். "பிரஷர்தான்" என்று தானே தீர்ப்பு எழுதிவிட்டு, சட்டைப்பையில் தலைவலி மாத்திரை அட்டையோடு திரிந்தார்.

டோக்கனுக்குப் போன் செய்தபோதே அந்தப் பெண் ஒன்று சொன்னாள்: "வீட்ல இருக்கிற எல்லா மாத்திரையும் எடுத்துட்டு வாங்கம்மா, முட்டிவலி மாத்திரை, நாட்டு மருந்து, தைலம் எதையும் விடாதீங்க." மஞ்சப்பை நிறையக் கொண்டுபோனேன். டாக்டரம்மா எல்லாவற்றையும் மேசையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். பிரஷர் மாத்திரை ஒரு பக்கம், இதயத்துக்குப் போடும் ஆஸ்பிரின் ஒரு பக்கம். ரத்தக்குழாயை விரிக்கிற சில இதய மாத்திரைகளே தலைவலி கொடுக்குமாம். ஆனால் இவர் தன் மாத்திரைகளைப் பல வருஷமாகப் போடுவதால் பழி அவற்றின்மேல் இல்லை என்றார். முட்டிக்காகப் போட்ட டைக்ளோஃபெனாக்கைத் தனியாகத் தள்ளி வைத்தார். அது பிரஷரையும் ஏற்றும், இந்த வயசில் சிறுநீரகத்தையும் கெடுக்குமாம்.

பிரஷர் பார்த்தார், 150/90. "அய்யா, இந்த அளவுக்கெல்லாம் தலை வலிக்காது. 180, 120 பக்கம் போனாத்தான் அதைச் சந்தேகப்படணும்." இவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

பிறகு கேள்விகள். தலை சீவும்போது மண்டைத்தோல் வலிக்கிறதா? (சீவ முடி எங்கே இருக்கிறது?) சாப்பிடும்போது மென்று மென்று தாடை ஓய்ந்து வலிக்கிறதா? பார்வை மங்குகிறதா, ஒன்று இரண்டாகத் தெரிகிறதா? நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயை விரலால் தடவிப் பார்த்தார். அந்த ரத்தக்குழாய் வீங்குகிற நோய் ஒன்று 50 வயசுக்கு மேல்தான் வருமாம். நம் பக்கம் அபூர்வம், ஆனால் விட்டால் கண் பறிபோகலாம். பலமான சந்தேகம் வந்தால் பயாப்ஸி (துணுக்கு எடுத்துச் செய்யும் சோதனை) முடிவுக்குக்கூடக் காத்திருக்காமல் அன்றைக்கே ஸ்டீராய்டு தொடங்கிவிடுவார்களாம். இவருக்கு அந்த அறிகுறிகள் இல்லை. ஆனாலும் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை இரண்டும் எழுதிக் கொடுத்தார்.

"எங்கேயாவது விழுந்தீங்களா?" இவர் இல்லை என்று தலையாட்டினார். நான் சும்மா இருப்பேனா? பம்ப் செட் ரூம் நிலைப்படியில் மண்டையை இடித்துக்கொண்டு, வீங்கினதை மூடித் துண்டு கட்டிக்கொண்டு வந்ததைச் சொன்னேன். வயசானால் மூளை கொஞ்சம் சுருங்குவதால், மேலே இருக்கிற மெல்லிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்குமாம். சின்ன இடியிலும் கிழிந்து வாரக்கணக்கில் கசியலாம், ஆஸ்பிரின் போடுகிறவர்களுக்கு ஆபத்து கூடுதல். அதற்காகத்தான் சி.டி. ஸ்கேன் எழுதினார். வந்தவுடன் ஸ்கேன் என்று நீட்டவில்லை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள், கேட்டுவிட்டு எழுதினார். ரிப்போர்ட்டில் கசிவு இல்லை, ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தது.

மிச்சம் நின்றது அந்தச் சட்டைப்பை அட்டைதான். காஃபின் கலந்த கூட்டு மாத்திரையை மாதத்தில் 10 நாளுக்கு மேல், வெறும் பாராசிட்டமாலானால் 15 நாளுக்கு மேல் மாதக்கணக்கில் விழுங்கினால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவருமாம். கழுத்து எலும்பு தேய்மானத்தில் ஆரம்பித்த வலியை மாத்திரை பிடித்து வளர்த்திருக்கிறது. நிறுத்தச் சொன்னார், முதல் சில நாள் வலி கூடும் என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். கூடத்தான் செய்தது. வீட்டில் யாரும் வாய் திறக்க முடியவில்லை. அப்புறம் படிப்படியாக இறங்கியது. இப்போது காலண்டரில் வலி வந்த நாளுக்கு மட்டும் பேனாவால் ஒரு கோடு போடுகிறார், டிக்கெட் கிழித்த கை அல்லவா, கணக்கு சுத்தம். கோடுகள் குறைந்திருக்கின்றன, மறையவில்லை. தலையணை ஒன்றாகக் குறைந்தது, கழுத்துப் பயிற்சிக்கு ஒரு பெண் சொல்லிக்கொடுக்கிறாள்.

தலைவலி வராமல் தடுக்கத் தூங்குவதற்கு முன் போடும் அமிட்ரிப்டிலின் மாத்திரை வேண்டும் என்று இவர் யாரோ சொன்னதைக் கேட்டார். டாக்டரம்மா புராஸ்டேட் தொந்தரவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, சிறுநீர் அடைக்கும், ராத்திரி எழுந்தால் தள்ளாடும், வேண்டாம் என்று மறுத்துவிட்டார். கேட்டதை எழுதிக்கொடுத்து அனுப்பும் இடம் இல்லை இது.

கட்டணம் 400 ரூபாய், ரிப்போர்ட் காட்டப் போனபோது வாங்கவில்லை. கீழே இருக்கிற கடையில்தான் மருந்து வாங்கவேண்டும் என்று கட்டாயமும் இல்லை. மாலையில் மட்டும் பார்க்கிறார், டோக்கன் போனில். ஆனால் திடீரென்று இடி விழுந்தது போல் வலி, வாய் கோணுதல், கை கால் இழுப்பு, கண் சிவந்து விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து வாந்தி என்றால் இங்கே டோக்கனுக்குக் காத்திருக்காதீர்கள், 108 கூப்பிட்டு நேரே மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வரவேற்பு மேசைக்குப் பின்னால் டாக்டரம்மாவே அப்படித்தான் எழுதி ஒட்டியிருக்கிறார், டிவிக்குப் பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில்.