தணிக்கைக் கடிதம் வந்தால் போகலாம்: பிரிக்பீல்ட்ஸ் வரி முகவர்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது இந்த வரி முகவர் அலுவலகம். பெயர்ப்பலகை சின்னது, படிக்கட்டு செங்குத்து, வயதானவர்களை அழைத்துப் போகாதீர்கள். சொந்தத் தொழில் செய்கிறவர்கள் கொடுக்கும் வருமான வரிப் படிவமான பாரம் பி நிரப்ப மட்டும் ஆள் வேண்டுமென்றால் இங்கே போகத் தேவையே இல்லை, அதை நாமே மின்பதிவில் செய்துவிடலாம். தணிக்கைக் கடிதம் கைக்கு வந்துவிட்டதா, அப்போது போங்கள்.

எங்களுடையது பூக்கடை. மாலை கட்டுகிறோம், கல்யாண மேடை அலங்காரமும் உண்டு. வங்கிக் கணக்கில் ஏறிய பணம் காட்டிய விற்பனையைவிட அதிகமாக இருக்கிறதே, விளக்கம் கொடுங்கள் என்று எல்எச்டிஎன், அதாவது மலேசிய வருமான வரி வாரியம், கேட்டிருந்தது. நியாயமான கேள்விதான். முகவர் அக்கா வங்கி அறிக்கையை முழுதாக அச்செடுத்து, விற்பனை அல்லாத ஒவ்வொரு வரவுக்கும் பச்சை மையால் கோடு போட்டு, பக்கத்திலேயே காரணத்தை எழுதவைத்தார். மாமா கொடுத்த கைமாற்று, கல்யாணம் நின்றுபோனதால் பிறகு திருப்பிக் கொடுத்த முன்பணம், மனைவியின் நகையை வைத்து வாங்கியது. "நகைக் கடன்னா அடகுக் கடைச் சீட்டு எங்கே தம்பி?" வாய்ச்சொல்லாக நான் சொன்ன எதையும் அவர் குறித்துக்கொள்ளவே இல்லை. கேமரன் மலையிலிருந்து பூ அனுப்புகிறவர் கையால் எழுதித் தரும் பில்லைக்கூட விடவில்லை, மங்கத் தொடங்கிய ரசீதுகளை உடனே நகலெடுக்கச் சொன்னார். சட்டம் பதிவேடுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது, பெட்ரோல் நிலைய ரசீதோ அதற்கு வெகுமுன்பே வெறும் வெள்ளைத்தாளாகிவிடுகிறது.

பெரும்பகுதி தணிக்கையிலேயே தீர்ந்தது. வேன் செலவில் மட்டும் ஒத்துவரவில்லை, அதற்குக் கூடுதல் வரிக் கணிப்பு நோட்டீஸ் வந்தது. மேல்முறையீடு போட்டுவிட்டால் பணம் கட்ட வேண்டாம் என்று நம்மவர்களில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை! 1967 வருமான வரிச் சட்டப்படி 30 நாளுக்குள் மேல்முறையீட்டுப் படிவமான பாரம் கியூ கொடுக்க வேண்டும், அதே 30 நாளுக்குள் வரியையும் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் 10 விழுக்காடு ஏறும். அக்கா இரண்டையும் தனித்தனிக் கோப்பாகவே வைத்திருந்தார். தவணைக்கு எழுதிக் கேட்டதும் அவர்தான்.

பாரம் கியூ போனால் முதலில் வாரியமே மறுபரிசீலனை செய்யும், அதற்கு 12 மாதம் அவகாசம் உண்டு. எங்களுடையது இப்போது அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. அங்கேயும் ஒத்துப்போகவில்லை என்றால் வருமான வரிச் சிறப்பு ஆணையர்களிடம் போகும், மூன்று பேர் உட்கார்ந்து கேட்பார்கள். கணிப்பு தவறு என்று நிரூபிக்கும் பொறுப்பு நம்முடையது. அதற்கு மேலே உயர் நீதிமன்றம் இருக்கிறது, ஆனால் அங்கே சட்டக் கேள்வியைத்தான் எடுத்துப்போக முடியும். "வேன் எங்கெங்க ஓடுச்சுன்னு ஹைகோர்ட்ல போய்ப் பேச முடியாது தம்பி, இப்பவே லாக் புக்கைக் கொண்டு வாங்க" என்றார். அப்புறம், வழக்குவரை போனால் ஆகும் செலவையும் எங்கள் வழக்கில் மிச்சமிருக்கும் வரியையும் ஒரே தாளில் எழுதிக் காட்டி, மறுபரிசீலனையோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்றார். ஆணையர்கள் முன் போனால் அவருக்கும் கட்டணம் உண்டு, தெரிந்தேதான் அப்படிச் சொன்னார். இதற்காகவே நான் இவரை மற்றவர்களுக்குச் சொல்வேன்.

குறையும் இருக்கிறது. தொலைபேசியை எடுப்பதே அபூர்வம். கட்டணம் குறைவில்லை, அதோடு ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாக வாங்குகிறார்கள், அதை முன்கூட்டியே சொல்வதில்லை. தணிக்கைக்கு எவ்வளவு, பாரம் கியூவுக்கு எவ்வளவு என்று முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த முகவரிடம் போனாலும் நிதியமைச்சின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள், இங்கே அந்தக் கடிதத்தைச் சுவரிலேயே மாட்டியிருக்கிறார்கள். சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடுவார்கள், கார் நிறுத்த இடம் கிடைக்காது, மோனோரயிலில் போங்கள்.