மலை ஏற்றமும் 34 பல்லும்: ஷிமானோ எச்ஜி800 கேசட் பற்றி

சேலத்தில் ரோடு சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு மலைக்குப் பஞ்சமில்லை. ஏற்காட்டுக்கு அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். நாமக்கல் பக்கம் போனால் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 வளைவுகள் காத்திருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு முறையாவது மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு 36 வளைவுகள் ஏறிவிடுவது எங்கள் குழுவின் வழக்கம். இம்மூன்று சாலைகளிலும் ஷிமானோ நிறுவனத்தின் எச்ஜி800 என்ற 11–34 கேசட்டை, அதாவது பின்சக்கரத்தில் 11 பல் முதல் 34 பல் வரையிலான பல்சக்கரங்களின் அடுக்கை, இரண்டு ஆண்டுகளாக, ஏறத்தாழ 6,000 கி.மீ. ஓட்டிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

ஞாயிறு விடியலில் அடிவாரத்துத் தேநீர்க் கடையில் கூடும்போது ஒவ்வொருவர் கண்ணும் முதலில் போவது அடுத்தவர் சைக்கிளின் பின்சக்கரத்துக்குத்தான். பின்னால் பல்சக்கரம் பெரிதானால் மிதிப்பது எளிது; அதனால் அங்கே அது சற்றுப் பெரிதாகத் தெரிந்தால் "தோசைக்கல் மாட்டியாச்சா?" என்று கேட்பார்கள். கேட்பவர் வேடிக்கையாகத்தான் கேட்கிறார். ஆனால் கேட்கப்படுபவருக்கு அது தைக்கிறது. முன்னால் 53/39 கிராங்க் (பெடலோடு சுழலும், 53 பல்லும் 39 பல்லும் கொண்ட இரு பல்சக்கரங்கள்), பின்னால் 25 பல்லுக்கு மேல் இல்லாத கேசட் என்று ஓட்டுபவரே உண்மையான ஏறுநர் என்ற எண்ணம் எங்களிடையே நெடுநாள் இருந்தது. 50/34 கிராங்குக்கு மாறியதையே பெரிய விட்டுக்கொடுத்தலாகக் கருதி, பின்னால் 28 பல்லோடு ஐந்து ஆண்டுகள் ஓட்டியவன் நான்.

இந்தப் பெருமைக்கு இன்னொரு முகமும் உண்டு. மலை உச்சியை அடைந்ததும் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்பதற்கு முன்பே, "கடைசிப் பல்லைத் தொடவே இல்லை" என்று சொல்லிக்கொள்வார்கள். கடைசிப் பல், அதாவது கேசட்டின் மிகப் பெரிய பல்சக்கரம், ஏறுவதற்காகச் செய்யப்பட்ட பொருளாக இல்லாமல், தொடாமல் வைத்திருந்தால்தான் மதிப்பு என்ற சேமிப்பாக மாறிவிடுகிறது. ஏற்காட்டுச் சாலையில் பாதி தூரம் போன பின், 25 பல்லில் தொடை எரிய எரிய மிதித்துக்கொண்டு, கீழே குனிந்து இன்னும் ஒரு பல் மீதமிருக்கிறதா என்று எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. மீதமிருப்பது தெரிந்ததும் அதற்கு மாறாமல், அது இருக்கிறது என்ற தெம்பிலேயே அடுத்த வளைவு வரை போவேன். மனத்துக்கு அது உதவியது என்பதை மறுக்க மாட்டேன். முழங்காலுக்கு உதவவில்லை.

கல்லட்டியில் அந்தக் கணக்கு முடிவுக்கு வந்தது. அங்கே சில வளைவுகளின் உட்புறம் 12 சதவீதத்தையும் தாண்டிச் செங்குத்தாக எழும்; 28 பல் கடைசி என்றிருந்த எனக்கு நிமிடத்துக்கு 45 சுற்றுக்கு மேல் மிதிக்க முடியவில்லை. ஒவ்வொரு மிதிக்கும் உடல் எடை முழுவதையும் பெடல் மேல் போட்டு மேலே போய்ச் சேர்ந்தேன். அடுத்த நாள் வலது முழங்காலின் முன்பகுதியில் தொடங்கிய வலி ஆறு வாரம் சைக்கிளைத் தொட விடவில்லை. அந்த ஓய்வில்தான் பல் எண்ணிக்கையைத் தாளில் எழுதிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதை அன்றைக்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

25 மி.மீ. டயர் போட்ட 700சி சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.1 மீட்டர் உருளும். முன்னால் 34, பின்னால் 34 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரே ஒரு சுற்று. பின்னால் 28 என்றால் ஒரு மிதிச் சுற்றுக்கு ஏறத்தாழ 2.55 மீட்டர், 39/25 (முன்னால் 39, பின்னால் 25) என்றால் 3.28 மீட்டர். எட்டு சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், 39/25 ஓட்டுபவர் நிமிடத்துக்கு 51 சுற்றும், 34/28 ஓட்டுபவர் 65 சுற்றும், 34/34 ஓட்டுபவர் 79 சுற்றும் மிதிப்பார்கள். மூவரின் எடையும் ஒன்றாக இருந்தால் மூவரும் செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ ஒன்றுதான். மூவரும் வளைவைச் சேரும் நேரமும் ஒன்றுதான். 28 பல்லிலிருந்து 34 பல்லுக்கு மாறும்போது ஒவ்வொரு மிதியிலும் காலால் அழுத்த வேண்டிய விசை மட்டும் ஏறத்தாழ 18 சதவீதம் குறைகிறது. பெரிய பல் வேகத்தைக் குறைத்துவிடும் என்று சொல்பவர்கள் சாலையின் சரிவையும் தங்கள் நுரையீரலையும் மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். வேகத்தை நிர்ணயிப்பவை அவை இரண்டும்தான்.

இனி கேசட்டுக்கு வருவோம். வாங்குவதற்கு முன் எனக்கிருந்த பெரிய அச்சம், 34 வரை நீண்டால் நடுவில் உள்ள பற்களுக்கிடையே இடைவெளி அதிகமாகிச் சமவெளியில் ஓட்டவே பிடிக்காமல் போய்விடுமோ என்பது. இரண்டு கேசட்டின் வரிசையையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது அந்த அச்சம் பெரும்பாலும் தீர்ந்தது. பழைய 11–28 கேசட்டில் இருந்தவை 11, 12, 13, 14, 15, 17, 19, 21, 23, 25, 28. எச்ஜி800-இல் இருப்பவை 11, 13, 15, 17, 19, 21, 23, 25, 27, 30, 34. அதாவது 15 முதல் 25 வரை, நாம் நாள் முழுக்க உண்மையில் பயன்படுத்தும் பகுதி, ஒரு பல்கூட மாறவில்லை. போனவை 12, 14, 28. வந்தவை 27, 30, 34. இதைத் தெளிவாக எடுத்துச் சொல்லும் கடைக்காரரை நான் இதுவரை சந்தித்ததில்லை. தெரிந்திருந்தால் எங்கள் குழுவில் பாதிப் பேர் எப்போதோ மாறியிருப்பார்கள்.

போன மூன்றில் 14 பல்லின் இழப்பு எனக்கு உண்மையாகவே உறைத்தது. ஓமலூர் சாலையில் குழுவாக, மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் ஓட்டும்போது, 50/15-இல் நிமிடத்துக்கு 86 சுற்று மிதிக்க வேண்டும். ஒரு பல் கீழே இறங்கினால் நேராக 13, சுற்று 74 ஆகிவிடும். முன்பு இவ்விரண்டுக்கும் நடுவே 80 சுற்றில் 14 பல் இதமாக அமர்ந்திருந்தது. காற்று எதிரே வீசும் நாளில் இந்த இரண்டுக்கும் இடையே மாறிமாறி அலைய வேண்டியிருக்கிறது. சமவெளியிலேயே பந்தயம் ஓட்டுபவர்களுக்கு இந்தக் கேசட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மலையில் இதன் நடத்தை குறித்துக் குறை சொல்ல அதிகமில்லை. 25, 27, 30 என்ற படிகள் மிக மென்மையானவை. ஏற்காட்டில் பெரும்பாலான நேரம் 27 பல்லிலேயே கழிகிறது. முன்பு 25-க்கும் 28-க்கும் நடுவே இல்லாத இடம் அது. 30-லிருந்து 34-க்கு ஏறும்போது செயின் சற்றுத் தயங்கி, கடகடவென்ற ஓசையோடு விழும். மாற்றும் கணத்தில் மிதியின் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் ஓசையின்றி ஏறும். வளைவின் உட்புறத்தில், அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது மாற்றினால் அந்தத் தயக்கம் நீளும். ஆகவே வளைவுக்கு நான்கைந்து மீட்டர் முன்பே மாற்றிவிடும் பழக்கத்தைக் கைக்கொண்டேன். எடை, நான் முன்பு ஓட்டிய, ஷிமானோவின் 105 வரிசைக் கேசட்டைவிடச் சுமார் 50 கிராம் கூடுதல். தண்ணீர்ப் புட்டியில் மூன்று மிடறு குறைத்தால் அது சரியாகிவிடும்.

பொருத்துவதில்தான் கவனம் தேவை. இந்தக் கேசட் 10 வேக ஃப்ரீஹப்பிலும் (பின்னால் 10 பல்சக்கரம் உள்ள சைக்கிளில் கேசட்டைச் செருகும் சக்கர மையப் பகுதி) பொருந்தும்படி செய்யப்பட்டது. 11 வேக ரோடு ஃப்ரீஹப்பில் போடும்போது பின்னால் 1.85 மி.மீ. ஸ்பேசர் வளையம் கட்டாயம் வேண்டும். எனக்குப் பொருத்திய கடையில் அதை விட்டுவிட்டார்கள். கேசட்டை இறுக்கிப் பிடிக்கும் லாக்ரிங்கை எவ்வளவு முடுக்கினாலும் கேசட் ஆடியது, இரண்டு வாரம் கியர் சரியாக நிற்கவே இல்லை. அடுத்தது, செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் டெரெய்லர். செயினை வழிநடத்தும் கூண்டு குட்டையாக உள்ள 105 ஆர்7000 டெரெய்லர் 30 பல் வரைதான் தாங்கும். நீண்ட கூண்டு கொண்ட ஜிஎஸ் வகையே 34 பல்லுக்கு உரியது. அதன் மொத்தக் கொள்ளளவு 39 பல். முன்னால் 50-க்கும் 34-க்கும் உள்ள வேறுபாடு 16, பின்னால் 34-க்கும் 11-க்கும் உள்ள வேறுபாடு 23, கூட்டினால் சரியாக 39. பழைய செயினின் நீளம் போதாது, புதிதாக வாங்கியே ஆக வேண்டும். எனவே கேசட்டின் விலையை மட்டும் கணக்கில் வைத்துக் கடைக்குப் போகாதீர்கள்; மூன்றும் சேர்ந்தால் எனக்கு ஏறத்தாழ அதைப் போல் இரு மடங்கு ஆயிற்று.

பெரிய பல்லைப் பற்றிய கூச்சம் எங்கள் குழுவில் மட்டும் முளைத்தது அன்று. 1903-இல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தேகிரான்ஜ், கியர் மாற்றும் டெரெய்லரை வீரர்களின் திறமைக்கு இழுக்கு என்று கருதி நெடுங்காலம் போட்டிக்குள் விடவில்லை. 1937-இல்தான் அது அனுமதிக்கப்பட்டது. அதுவரை வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கத்துப் பல்லில் ஏறினார்கள். இன்றைய நிலை வேறு. ஷிமானோவின் உயர்தரப் பந்தய வரிசையான டியூரா ஏஸ், 2021-இல் ஆர்9200 என்ற பெயரில் புதுப்பிக்கப்பட்டபோது 11–34 கேசட் அதில் இடம்பெற்றது. நாங்கள் போற்றிய 53/39 கிராங்க் இடம்பெறவில்லை. நம்மைவிட இரு மடங்கு ஆற்றலுடன் மலை ஏறுபவர்களுக்கே 34 பல் தேவைப்படுகிறது என்றால், வாரத்துக்கு ஒரு நாள் ஏறும் நமக்கு அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? எங்கள் ஊரில் இரண்டு பால் கேன்களைக் கட்டிக்கொண்டு கியரில்லா சைக்கிளில் வருபவர், ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். அதை அவரோ பார்ப்பவரோ தோல்வியாக நினைத்ததை நான் கண்டதில்லை. அவர் பால் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

சென்ற முறை கல்லட்டியில் வேகம் மணிக்கு எட்டு கி.மீ. ஆகக் குறைந்த வளைவுகளிலும் நிமிடத்துக்கு 63 சுற்றுக்குக் குறையாமல், பெரும்பாலும் இருக்கையில் அமர்ந்தபடியே மிதித்தேன். 34 பல்லை ஒளித்து வைக்காமல், வேண்டிய இடத்திலெல்லாம் போட்டேன். மறுநாள் காலை முழங்காலில் வலி இல்லை. உதகையிலிருந்து கோத்தகிரி வரை ஓட்டினோம். எங்கள் குழுவில் இருபத்திரண்டு வயதுத் தம்பி ஒருவர், வழியில் நின்றபோது என் பின்சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதைப் போட்டா என் சைக்கிளுக்கு டெரெய்லரும் மாத்தணுமா?" என்று கேட்டார். அவருடைய டெரெய்லர் குட்டைக் கூண்டு. மாற்றத்தான் வேண்டும் என்றேன். அந்த மாதமே மாற்றிவிட்டார்.

வாரம் ஒருமுறை மலை ஏறுபவர்கள், முழங்காலில் ஏற்கெனவே வலி உள்ளவர்கள், பையைக் கட்டிக்கொண்டு நீண்ட தூரம் போகிறவர்கள் ஆகியோர் தயங்காமல் இதை வாங்கலாம். 6,000 கி.மீ. கடந்த பின் என் கேசட்டில் 19, 21 பற்களின் முனைகள் தேய்ந்து மெலிந்துவிட்டன. 34-இன் முனைகள் இன்னும் கூராகவே இருக்கின்றன. அடுத்த கேசட்டையும் இதே அளவில் வாங்கி வைத்துவிட்டேன்.