ஸ்டீவியா டப்பாவுக்குள் குளுக்கோஸ்: நீரிழிவுக்காரர்கள் வாங்கும்முன் படியுங்கள்

முழுக்க இயற்கை, கலோரி பூஜ்யம், நீரிழிவுக்காரர்களுக்கு உகந்தது, ஒரு கரண்டி சீனிக்குப் பதில் இதில் ஒரு கரண்டி. முகப்பில் இத்தனையையும் அச்சிட்டு, நடுவில் பச்சை இலைப் படமும் போட்ட ஓர் இனிப்புப் பொடியை, ஸ்டீவியா என்ற இனிப்பு இலையின் பெயரில் விற்பதை, என் மாமியாருக்காக இணையத்தில் வாங்கினோம். டைப் 2 நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர் அவர். எதை விட்டாலும் தேநீரில் இனிப்பை விடமாட்டார்.

சில வாரங்களில் அவருடைய சர்க்கரை அளவு ஏறத் தொடங்கியது. சாப்பாடு மாறவில்லை, நடையும் குறையவில்லை. மாத்திரையைக் கூட்டலாமா என்று மருத்துவர் யோசிக்கும் அளவுக்குப் போய்விட்டது. டப்பாவை முதலில் சந்தேகப்பட்டவர் அத்தைதான். குளுக்கோமீட்டர் காட்டுவதையெல்லாம் நோட்டில் எழுதிவைப்பவர். ஒரு நாள் பால் சேர்க்காத தேநீரை வெறுமனே குடித்துவிட்டு அளந்தார். மறுநாள் அதே நேரத்தில் இந்தப் பொடியைப் போட்டுக் குடித்துவிட்டு அளந்தார். வெறும் தேநீருக்கு அசையாத அளவு, பொடிக்கு முப்பது புள்ளிக்கு மேல் ஏறியது. “இதற்குச் சீனியே தேவலை, அதுவாவது பொய் சொல்லாது” என்றார்.

டப்பாவின் பின்பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கினால்தான் எழுத்தே தெரிந்தது. சேர்மானப் பட்டியலில் முதலில் டெக்ஸ்ட்ரோஸ், அடுத்து மால்ட்டோடெக்ஸ்ட்ரின், கடைசியில் ஸ்டீவியா சாறு. பட்டியலில் எடை அதிகமான பொருள்தான் முதலில் வரும். டெக்ஸ்ட்ரோஸ் என்பது குளுக்கோஸேதான். மால்ட்டோடெக்ஸ்ட்ரினும் வயிற்றுக்குள் போனதும் விரைவில் குளுக்கோஸாகிவிடும். சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்போது அவசரத்துக்குக் கொடுக்கும் பொருளை, சர்க்கரை ஏறாது என்று சொல்லி விற்றிருக்கிறார்கள்!

உண்மையில் ‘கரண்டிக்குக் கரண்டி’ என்ற அந்த வாக்குறுதியிலேயே விஷயம் இருக்கிறது. ஸ்டீவியா இலையிலிருந்து பிரித்தெடுக்கும் சாறு சீனியைப்போல 200 முதல் 300 மடங்கு இனிப்பது. ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 4 கிராம் சீனியின் இனிப்புக்கு 20 மில்லிகிராம் போதும். அது கரண்டியின் நுனியில்கூடத் தெரியாது. அப்படியானால் கரண்டியை நிரப்புவது வேறு ஏதோ ஒன்று. அது எரித்ரிட்டால் (கலோரி மிகக் குறைந்த ஓர் இனிப்புப் பொருள்) என்றால் ரத்தச் சர்க்கரை ஏறாது. ஆனால் 2023இல் வெளியான ஓர் ஆய்வு, ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாகக் காணப்பட்டதாகச் சொன்னது. அதுதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. இதய நோயும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கலோரி பூஜ்யம் என்று எப்படிப் போடுகிறார்கள்? அமெரிக்க விதிப்படி ஒரு முறை பயன்படுத்தும் அளவில் 5 கலோரிக்குக் குறைவாக இருந்தால் பூஜ்யம் என்றே அச்சிடலாம். ஒரு கிராம் டெக்ஸ்ட்ரோஸில் 4 கலோரிகூட வராது. எனவே ‘ஒரு முறைக்கு 1 கிராம்’ என்று போட்டுவிட்டால் குளுக்கோஸும் பூஜ்யக் கலோரிதான்.

வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். “டெக்ஸ்ட்ரோஸும் சோளத்திலிருந்துதான் வருகிறது மேடம், அதுவும் இயற்கைதானே” என்றார் அந்தப் பெண். சீனிகூடக் கரும்பிலிருந்துதான் வருகிறது என்றேன். பதில் இல்லை. திறந்த டப்பாவுக்குப் பணம் திரும்பாதாம். பதிலாகத் தேனும், கற்றாழை போன்ற அகேவ் என்ற செடியின் பாகும் கலந்த இன்னொரு ‘இயற்கை’ இனிப்பைத் தருவார்களாம். தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. அகேவ் பாகில் பெரும்பகுதி ஃப்ரக்டோஸ் என்ற பழச் சர்க்கரை. அது மீட்டரில் உடனே தெரியாது, ஆனால் அதிகமானால் கல்லீரலில் கொழுப்பாகச் சேரும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் தளத்தில் நான் எழுதிய மதிப்புரையும் இப்போது அங்கே இல்லை.

இதுபோன்ற பொடி உங்கள் வீட்டிலும் இருந்தால், முகப்பை விட்டுவிட்டுச் சேர்மானப் பட்டியலின் முதல் இரண்டு பெயர்களைப் பாருங்கள். அதைப் பயன்படுத்திய காலத்தில் மாத்திரையோ இன்சுலினோ கூட்டப்பட்டிருந்தால், மருத்துவரிடம் சொல்லாமல் பொடியைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். கூட்டிய மருந்து அப்படியே இருக்க, உள்ளே போகும் குளுக்கோஸ் மட்டும் நின்றுவிட்டால் சர்க்கரை தாழ்ந்துபோகக்கூடும். அப்படித் தாழ்ந்தால் நிஜமான ஸ்டீவியா உதவாது. குளுக்கோஸோ சீனியோதான் கொடுக்க வேண்டும்.