ஐபி போன் லாக் எடுக்கிறோம் என்று 19,800 ரூபாய் வாங்கிப் போனார்கள், யாரும் ஏமாறாதீர்கள்

செவ்வாய்க்கிழமை நடந்தது. இன்று சனிக்கிழமை. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அதனால் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூர் கணபதியில் மோட்டார் பம்ப் உதிரி பாகம் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையில் வேலை பார்க்கிறேன். கணக்கும் நான்தான், கம்ப்யூட்டர் சமாச்சாரமும் நான்தான். ஆபீசில் 11 மேசை போன், எல்லாம் யீலிங்க் டி42எஸ், நெட் கேபிளில் ஓடும் ஐபி போன்கள். நான்கு வருடத்துக்கு முன்னால் மாத வாடகைக்கு லைன் கொடுத்த ஒரு கம்பெனியிடம் முழு விலை கொடுத்து வாங்கியவை. லைன்தான் வாடகை, போன் எங்களுடையது, பில்லும் இருக்கிறது. போன மாதம் அந்த ஒப்பந்தம் முடிந்தது. ஆபீசிலேயே ஒரு கம்ப்யூட்டரில், கால்களை இணைத்துவிடும் எக்ஸ்சேஞ்ச் போட்டுக்கொள்ளலாம் என்று முதலாளி முடிவு செய்தார். அதைப் போட்டும் ஆகிவிட்டது. போன்களில் பழைய சர்வர் முகவரியை எடுத்துவிட்டுப் புது முகவரியை அடிக்க வேண்டியதுதான் பாக்கி.

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். மெனுவில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸுக்குள் போனால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். பிரவுசரில் போனின் ஐபியை அடித்துப் போனாலும் அதே பாஸ்வேர்டு. எங்களிடம் அது இல்லை. லைன் கொடுத்த கம்பெனியை இன்னொருவர் வாங்கிவிட்டார்களாம், பழைய நம்பர் எதுவும் எடுக்கவில்லை. 11 போனும் 'நோ சர்வீஸ்' என்று காட்டிக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தன. திருப்பூரிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் ஆர்டர் கேட்பவர்கள் எல்லாம் என் சொந்த மொபைலுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

வீட்டுக்கு எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக் அனுப்பும் ஆப் வகை இருக்கிறதே, அதில் ஒன்றில் தேடினேன். பேர் சொல்லப்போவதில்லை. 'ஆபீஸ் ஐபி போன் பாஸ்வேர்டு அன்லாக், எல்லா மாடலும், 30 நாள் உத்தரவாதம்' என்று போட்டிருந்தது. ஒரு போனுக்கு 1,800 ரூபாய். 11 போனுக்கு 19,800. முதலாளி ஊரில் இல்லை. போனிலேயே கேட்டேன், "பாத்துப் பண்ணுப்பா" என்றார். அவர் வந்ததும் வவுச்சர் போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று என் ஜீபேயிலிருந்தே கட்டினேன். என் சொந்தக் காசு 19,800.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஆள் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் லேப்டாப் பை, செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். மரியாதையாகப் பேசினார். "பயப்படாதீங்க சார், இது தினமும் பண்றதுதான்" என்றார். ரிசப்ஷன் போனைக் கையில் எடுத்து, எங்கள் லேன் கேபிளைப் பிடுங்கிவிட்டு, தன் பையிலிருந்த 5 வோல்ட் அடாப்டரைச் சொருகினார். என்னமோ ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தார். போன் ஒரு தடவை அணைந்து எழுந்தது. அப்புறம் தன் லேப்டாப்பிலிருந்து நேராக ஒரு கேபிளைப் போட்டு, பாஸ்வேர்டு அடிக்கும்போது மட்டும் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பின்பு என் பக்கம் திருப்பினார். உள்ளே எல்லாமே திறந்து கிடந்தது! சர்வர் முகவரி, எக்ஸ்டென்ஷன் நம்பர், எதை வேண்டுமானாலும் மாற்றலாம். ஒரு மாதமாக மூடியிருந்த கதவு அது. போனின் திரையில் இத்தனை வருடம் இருந்த பழைய கம்பெனியின் பெயர்கூடப் போய்விட்டிருந்தது. அந்த இடத்தில்தான் நான் முழுசாக நம்பினேன்.

ஐந்தரைக்குள் 11 போனையும் அதே மாதிரி முடித்து மேசையில் வரிசையாக வைத்தார். "நெட் கேபிளை இப்ப போடாதீங்க சார், செட்டிங் உள்ள உக்காரணும், காலைல போட்டுக்கங்க" என்றார். எனக்கு அது வினோதமாகப் படவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். கிளம்பும்போது, "சார், வேலை முடிஞ்சதுன்னு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொன்னீங்கன்னா ஜாப் க்ளோஸ் பண்ணிட்டுக் கிளம்பிருவேன்" என்றார். நான்கு நம்பர். வாசலில் நின்றபடியே சொன்னேன். 19,800 ரூபாய் போனது அந்த நான்கு நம்பரில்தான்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதல் போனில் கேபிளைச் சொருகினேன். எழுந்தது. என்னவோ அப்டேட் ஆகிறது என்று காட்டியது. மறுபடி அணைந்து எழுந்தது. திரையில் பழைய கம்பெனியின் பெயர் வந்து நின்றது. கீழே 'நோ சர்வீஸ்'. உள்ளே போனால் பாஸ்வேர்டு. இரண்டாவது போன், மூன்றாவது போன், 11 போனும் அப்படியே. அந்தப் பெயர் ஒவ்வொரு திரையிலும் திரும்பி வருவதைப் பார்த்தபோது வயிறு கலங்கிவிட்டது.

அந்த ஆளைக் கூப்பிட்டேன். "உங்க நெட்ல ஏதோ பிரச்சினை சார்" என்றார். மத்தியானம் கூப்பிட்டேன், "ஸ்விட்சை மாத்திப் பாருங்க." சாயங்காலம், "சீனியர்கிட்ட பேசறேன்." வியாழக்கிழமை அவரே கூப்பிட்டார். போனுக்கு 600 ரூபாய் வீதம் சர்வர் ரிலீஸ் சார்ஜ் கட்டினால் முடித்துத் தருவாராம். 6,600 ரூபாய்! ஏற்கெனவே 19,800 வாங்கிய மனிதர் இதைக் கேட்கிறார். முடியாது என்றதும் போனை வைத்தவர்தான். அப்புறம் எடுக்கவே இல்லை.

ஆப்பில் புகார் போட்டேன். "நீங்கள் ஓடிபி கொடுத்து வேலை முடிந்ததை உறுதி செய்துள்ளீர்கள், ஆகவே புகார் முடிக்கப்பட்டது." 30 நாள் உத்தரவாதம் என்ன ஆச்சு என்று கேட்டேன். பில்லைத் திறந்து பார்க்கச் சொன்னார்கள். அதில் அன்லாக் என்ற வார்த்தையே கிடையாது. 'டெலிபோன் பரிசோதனை மற்றும் செட்டிங், 11' என்று இருக்கிறது. பரிசோதனைக்கு உத்தரவாதம் இல்லையாம். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது ஒரு பெண் மிகவும் அன்பாகப் பேசி, அடுத்த சர்வீஸுக்கு 250 ரூபாய் கூப்பன் கொடுத்தார். 19,800 ரூபாய்க்கு 250 ரூபாய் கூப்பன். முதலாளி வந்ததும் சொன்னேன். "பில்லுல பரிசோதனைன்னு இருக்கு, போன் ஓடல, நான் எதுக்குப்பா வவுச்சர் போடறது?" என்றார். அவர் மேல் தப்பில்லை.

வெள்ளிக்கிழமை என் மைத்துனனிடம் புலம்பினேன். அவன் சரவணம்பட்டியில் நெட்வொர்க் வேலை பார்ப்பவன். கேட்டதுமே சொன்னான்: "மச்சான், பூட்டு போன்ல இல்ல. எங்கயோ இருக்கற சர்வர்ல இருக்கு."

அவன் சொன்னது இதுதான். யீலிங்க் போனில் நடுவில் இருக்கும் ஓகே பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் ரீசெட் செய்யட்டுமா என்று கேட்கும். செய்தால் கம்பெனியிலிருந்து வந்த மாதிரி ஆகிவிடும், பாஸ்வேர்டும் பழையபடி அட்மின் என்றே ஆகிவிடும். அந்த ஆள் செய்தது அவ்வளவுதான், போனுக்குப் பத்து விநாடி. ஆனால் இப்படி ரீசெட் ஆன போன் முதன்முதலாக இணையத்தைப் பார்த்ததும், போன் தயாரிப்பாளரின் ஆர்பிஎஸ் என்ற சர்வரிடம் போய்த் தன் மேக் அட்ரஸை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக இருக்கும் அடையாள எண்ணைச் சொல்லி, நான் யாருடையவன் என்று கேட்கும். லைன் கொடுத்த கம்பெனி அந்த மேக் அட்ரஸை அங்கே தன் பேரில் பதிந்து வைத்திருந்தால், அது போனை அவர்களுடைய சர்வருக்கு அனுப்பிவிடும். அங்கிருந்து பழைய செட்டிங், பழைய பெயர், பழைய பாஸ்வேர்டு எல்லாம் திரும்ப இறங்கிவிடும். திருட்டுப் போனை வேறொருவர் சுலபமாக ஓட்டிவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல ஏற்பாடுதான், அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நெட் கேபிளைப் போடாதீர்கள் என்று அந்த ஆள் சொன்னது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. தெரிந்தே செய்திருக்கிறார்.

எனக்கு இன்னொன்றும் உறைத்தது. போன் உங்களுடையதுதானா, பில் இருக்கிறதா என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூட்டை உண்மையாகவே எடுக்க நினைப்பவர் முதலில் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அது இல்லாமல் ஆர்பிஎஸ்ஸில் யாரும் பெயர் நீக்க மாட்டார்கள்.

வெள்ளி ராத்திரி ஒவ்வொரு போனையும் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 001565 என்று தொடங்கும் மேக் அட்ரஸை எழுதிக்கொண்டேன். பழைய கம்பெனியை வாங்கியவர்களின் உதவி மெயிலைத் தேடிப் பிடித்து, பில் நகலோடு அனுப்பினேன். இன்று காலை பத்து மணிக்குப் பதில் வந்துவிட்டது: 11 எண்களையும் நீக்கிவிட்டோம், ரீசெட் செய்துகொள்ளுங்கள். ஒரு பைசா கேட்கவில்லை. ஓகே பட்டனை நானே அழுத்திப் பிடித்தேன். ஒரு மணிக்குள் 11 போனும் எங்கள் எக்ஸ்சேஞ்சில் ஏறிவிட்டன. கோடவுனிலிருந்து எக்ஸ்டென்ஷன் 205 அடித்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கு 19,800 ரூபாய்தான் கண்ணில் நின்றது. பசங்களுக்கு இந்த டெர்ம் பீஸ் கட்ட எடுத்து வைத்திருந்த பணம் அது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாக: போன் எந்த பிராண்டாக இருந்தாலும் முதலில் உங்களுக்கு லைன் கொடுத்தவர்களிடமே பில்லோடு கேளுங்கள். யாராவது சரி செய்துவிட்டேன் என்றால், உங்கள் சொந்த நெட்டில் போட்டு, ஒரு தடவை அணைத்து எழுப்பி, ஒரு கால் பேசிப் பார்க்கும்வரை ஓடிபி கொடுக்காதீர்கள். பில்லில் என்ன வேலை என்று எழுதியிருக்கிறது என்பதைப் பணம் கட்டும் முன்பே படியுங்கள். புதிதாக லைன் வாங்குபவர்கள் அட்மின் பாஸ்வேர்டை அன்றைக்கே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய போன் வாங்கினால், விற்பவர் ஆர்பிஎஸ்ஸிலிருந்து நீக்கிவிட்டாரா என்று கேளுங்கள்.

1915க்குக் கூப்பிட்டு தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்துவிட்டேன். ஆப்பின் குறைதீர் அலுவலருக்கும் தனியாக மெயில் போட்டிருக்கிறேன். 2020ஆம் வருட மின்வணிக விதிப்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மெயில் போனது இன்று மதியம் 1.40க்கு. திங்கட்கிழமை 1.40வரை பார்ப்பேன்.